முழங்கால் உளூவின் உறுப்பு அன்று

மூட்டு வலிக்காக மருந்துக் கடைக்கு வரும் நம் வீட்டுப் பெரியவர்களிடம் தேய்த்துக்கொள்ளும் ஜெல் ஒன்றை எடுத்துக் கொடுத்தால், விலையைக் கேட்பதற்கு முன்பே பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதைத் தேய்ச்சா உளூ கூடுமா, தம்பி?" வேறு சிலர், "இதுல ஆல்கஹால் கலந்திருக்காமே, இதோட தொழலாமா?" என்பர். தெளிவான விடை கிடைக்காதபோது பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். டியூப் திரும்பி வருகிறது. "வேண்டாம் வாப்பா, ரெண்டு வலி மாத்திரை கொடுத்துடு" என்று கேட்டு வாங்கிச் செல்கின்றனர். மாத்திரையால் உளூவுக்குப் பழுதில்லை, உடையில் வாசம் ஒட்டாது, சந்தேகமும் எழுவதில்லை.

மார்க்க விஷயத்தில் இப்படிக் கேட்டுத் தெளிந்து நடப்பது பாராட்டத்தக்க பேணுதல். அதைக் குறை கூற இங்கே வரவில்லை. ஆனால், பாதியில் நின்றுவிட்ட ஒரு கேள்வி நம் பெரியவர்களைச் சிறிய சந்தேகத்திலிருந்து பெரிய தீங்கை நோக்கித் தள்ளுகிறது என்பதே என் வாதம். ஜெல் என்பது என்ன, எப்படி ஆக்கப்படுகிறது, எப்போது எவ்வளவு பூச வேண்டும் என்பதை அறிந்தால் அந்தச் சந்தேகத்தில் பெரும்பகுதி தானே அகன்றுவிடும்.

முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் முதலியன ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் உடலில் சுரப்பதைத் தடுத்து வலியையும் வீக்கத்தையும் தணிக்கின்றன. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைச் சீராக வைப்பதும் அதே பொருள்கள்தாம். எனவே மாதக்கணக்கில் மாத்திரையை விழுங்குவோருக்கு இரைப்பைப் புண், இரத்தக் கசிவு, இரத்த அழுத்த உயர்வு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை நேரக்கூடும். முழங்கால் வலி வரும் வயதில் நம்மவருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கூடவே இருப்பது வழக்கம். இரத்த அழுத்தத்துக்கான சிலவகை மருந்துகளோடு, நீர் பிரியச் செய்யும் மாத்திரையையும் உட்கொள்ளும் ஒருவர், அவற்றின் மேல் வலி மாத்திரையையும் சேர்த்துக்கொண்டால் சிறுநீரகத்தின் மேல் மூன்று பக்கத்திலிருந்தும் சுமை ஏறுகிறது. இது மருத்துவர்கள் அஞ்சும் சேர்க்கை. கடையில் சீட்டின்றி வாங்கும் மூதாட்டியிடம் இதை எவரும் சொல்வதில்லை.

அதே டைக்ளோஃபெனாக்கை ஜெல்லாக ஒரு முழங்காலில் முறைப்படி பூசும்போது இரத்தத்தில் கலக்கும் அளவு, மாத்திரையாக விழுங்கும்போது கலப்பதில் ஏறத்தாழ 6 விழுக்காடுதான். மருந்தின் பெரும்பகுதி பூசிய இடத்திலேயே நின்று வேலை செய்கிறது. முழங்கால் தேய்மானத்துக்குப் பூசும் வலி மருந்தை வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது, அமெரிக்க வாத நோய் மருத்துவக் கல்லூரியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி. இங்கிலாந்தின் தேசிய சுகாதார வழிகாட்டு நிறுவனமும் 2022இல், பூசும் மருந்தை முதலில் தரவும், அது பயனளிக்காதபோதே மாத்திரையை எண்ணவும் அறிவுறுத்தியது. நம் வீடுகளிலோ வரிசை தலைகீழாக இருக்கிறது.

இனி ஜெல். இச்சொல்லைக் கேட்டவுடன் ஜெலட்டின் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரகாம் ஜெலட்டின் என்ற சொல்லைச் சுருக்கித்தான் இப்பெயரை ஆக்கினார். விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டினில் பன்றியின் பங்கு இருக்குமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆனால், இன்று கடையில் கிடைக்கும் வலி ஜெல்களைத் திண்மையாக்குவது பொதுவாக ஜெலட்டின் அன்று. கார்போமர் என்னும் செயற்கைத் தூளோ, தாவர நாரிலிருந்து பெறப்படும் செல்லுலோஸ் வகைகளோதாம் அவ்வேலையைச் செய்கின்றன. ஜெலட்டின் பெரும்பாலும் இருக்குமிடம் கேப்சூலின் மேலுறை. ஜெலட்டினுக்கு அஞ்சி ஜெல்லைத் திருப்பித் தந்துவிட்டு, வலிக்கான கேப்சூலை எவ்விதக் கேள்வியுமின்றி வாங்கிச் செல்பவர்களும் உண்டு. என்னவென்று சொல்வது!

ஜெல் செய்யும் முறை அழகானது. கார்போமர் தூளைத் தண்ணீரில் மெல்லத் தூவிக் கலக்கி ஊற விடுகின்றனர். 100 பங்கு கலவையில் ஒன்று அல்லது இரண்டு பங்கு தூளே போதும். அப்போது கிடைப்பது நீர்த்த, கலங்கிய, சற்றே அமிலத்தன்மையுள்ள ஒரு திரவம். அதன் மூலக்கூறுகள் நூல் உருண்டைபோல் சுருண்டு கிடக்கின்றன. தண்ணீரில் எளிதில் கரையாத மருந்தைத் தனியே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், புரோப்பிலீன் கிளைக்கால் போன்றவற்றில் கரைத்து இதனோடு சேர்ப்பர். பிறகு காரத்தன்மையுள்ள ஒரு திரவத்தைத் துளித்துளியாக விடும்போது அமிலம் சமனாகிறது. சுருண்டிருந்த இழைகள் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்கி நீள்கின்றன. பின்னிப் பிணைந்து வலையாகின்றன. ஓடிக்கொண்டிருந்த நீர் அந்த வலைக்குள் அகப்பட்டு நிற்கிறது. சில நொடிகளில் கண்ணெதிரே திரவம் திண்மையாகிவிடும். வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழிகள் புகுந்து வெளியேற மறுக்கும் என்பதால் பொறுமையாகக் கலக்குவது இத்தொழிலின் முதற்பாடம். வெண்மையாகத் தோன்றும் ஜெல்களில் சிறிதளவு எண்ணெய்ப்பொருளும் நுண்துளிகளாகக் கலந்திருக்கும்.

ஆக, உங்கள் கையில் இருப்பது பெரும்பகுதி தண்ணீர். இந்த வலைக்கு உப்பு ஆகாது. தோலில் தேய்க்கும்போது வியர்வையின் உப்புப் பட்டதும் வலை தளர்ந்து ஜெல் நீர்த்துப் போகிறது. தண்ணீரும் ஆல்கஹாலும் ஆவியாகின்றன. மருந்து தோலுக்குள் இறங்கத் தொடங்குகிறது. மேலே எஞ்சும் மெல்லிய பிசுபிசுப்பு தண்ணீர் பட்டவுடன் கரைந்து போகும். நகப்பூச்சைப்போல நீரைத் தடுத்து நிற்கும் உறை அன்று அது. உளூ கூடுமா என்ற கேள்விக்கு மருந்தியல் தரும் விடை இதுதான். மார்க்கச் சட்டத்தை இதன்மேல் வைத்துச் சொல்வது ஆலிம்களின் பணி.

ஆனால் அதற்கும் முன்பு எண்ண வேண்டியது ஒன்று உண்டு. உளூவில் நாம் கழுவுவது முகம், முழங்கை வரை கைகள், கரண்டை வரை கால்கள், தலைக்கு மஸஹ். ஸூரத்துல் மாயிதாவின் 6ஆம் வசனத்தை ஓதத் தெரிந்த சிறு பிள்ளையும் அறிந்த வரிசை இது. இதில் முழங்கால் எங்கே இருக்கிறது? வலி ஜெல்லை மிகுதியாகப் பயன்படுத்தும் இடமே முழங்கால்தான். அது உளூவின் உறுப்பே அன்று. தோளும் கழுத்தும் இடுப்பும் அப்படித்தான். வெளியிலிருந்து தோலில் ஒரு மருந்தைத் தடவுவது உளூவை முறிப்பதும் இல்லை. உளூவோடு இருப்பவர் முழங்காலில் ஜெல் பூசிக்கொண்டு அடுத்த தொழுகைக்கு நிற்பதில் தடை எதுவுமில்லை. கடமையான குளிப்பின்போது மட்டும் உடல் முழுதும் நீர் சேர வேண்டும். அப்போது ஜெல் கழுவப்பட்டுப் போய்விடும். இவ்வளவு எளிய செய்தி தெரியாமல், ஐந்து வேளையும் ஜெல்லைத் துடைத்துத் துடைத்து உளூ செய்பவர்கள் இருக்கின்றனர்.

விரல், மணிக்கட்டு, முழங்கை, கணுக்கால், குதிகால் ஆகிய இடங்களில் வலி உள்ளவர்களுக்கே இக்கேள்வி உண்மையில் பொருந்தும். குதிகால் நனையாமல் உளூ செய்தவர்களை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்த செய்தி ஸஹீஹ் புகாரியில் இருப்பதால், இவர்களின் கவலை வீணானதன்று. நீர்த்தன்மையுள்ள ஜெல் தண்ணீருக்கு வழிவிடும். ஆனால் கால் ஆணிக்கும் மருவுக்கும் தூரிகையால் பூசும் சில திரவங்களில் கொலோடியன் என்னும் பொருள் இருக்கிறது. அது உலர்ந்ததும் தோலின் மேல் ஒளிபுகும் தோலாடை போன்ற படலமாக இறுகி, நீரைத் தடுக்கும். குதிகால் வெடிப்புக்குத் தடிமனாக அப்பும் வாசலின் களிம்பும் வேறு வகை. அதைச் சோப்பிட்டு அகற்றிவிட்டு உளூ செய்வது பேணுதலுக்கு உகந்தது. எல்லாவற்றையும் 'களிம்பு' என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டு இமாமிடம் கேட்டால் அவர் எப்படிச் சரியான விடை சொல்வார்? டியூபையே எடுத்துச் சென்று காட்டுங்கள். ஜெல்லா, கிரீமா, ஆயின்ட்மென்டா, உலர்ந்தால் படலமாகுமா என்பதைக் கடைக்காரரிடம் முதலில் கேட்டறிந்து செல்லுங்கள்.

ஆல்கஹால் பற்றிய ஐயத்துக்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜெல்லில் பெரும்பாலும் சேர்வது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அது மதுவன்று, குடித்தால் நஞ்சு. எத்தனால் சேர்ந்த பொருள்களும் உள்ளன. ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹு சபை 2002 ஜனவரியில் மக்காவில் கூடியபோது இதை ஆராய்ந்தது. காயத்தைத் தூய்மையாக்கவும் கிருமியைக் கொல்லவும் வெளிப்பூச்சான கிரீம்களிலும் எண்ணெய்களிலும் ஆல்கஹாலைப் பயன்படுத்துவது கூடும் என்று அது தீர்மானித்தது. மாற்றுக் கருத்துடைய ஆலிம்கள் இருக்கலாம். உங்கள் மனம் அமைதி பெறும் ஆலிமிடம் கேளுங்கள். கேட்காமலே மருந்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இனி, மார்க்கமும் மருந்தும் உண்மையாகவே சந்திக்கும் இடத்துக்கு வருவோம். அது நேரம். டைக்ளோஃபெனாக் ஜெல் பூசிய இடத்தைக் குறைந்தது 1 மணி நேரம் கழுவக் கூடாது என்றும், ஆடையால் மூடுவதற்கு முன் 10 நிமிடம் உலர விட வேண்டும் என்றும் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஏற்றுள்ள குறிப்புத்தாள் கூறுகிறது. மருந்து தோலின் மேலடுக்கைக் கடந்து செல்ல அந்த அவகாசம் தேவை. மணிக்கட்டிலோ கணுக்காலிலோ ஜெல் பூசிவிட்டுக் கால் மணி நேரத்தில் உளூ செய்தால், உளூ கூடிவிடும். மருந்துதான் சாக்கடைக்குப் போகும். 'எத்தனை டியூப் தேய்த்தும் கேட்கவில்லை' என்று சொல்லும் தொழுகையாளிகள் சிலரின் நிலை இதுவாக இருக்கலாம்.

எனவே உளூவுக்கு முன்பு பூசாமல், தொழுது முடித்த பின்பு பூசுவதே முறை. சுப்ஹுக்குப் பிறகு ஒரு முறை பூசினால் லுஹர் வரை நெடுநேரம் இருக்கிறது. லுஹருக்குப் பின் அஸர் வரை, ஷாஃபிஈ கணக்கிலும் ஹனஃபி கணக்கிலும், போதிய இடைவெளி உண்டு. அஸருக்குப் பின் மஃரிப் வரையிலும் அப்படியே. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில்தான் நம் பகுதியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகக் கிடைக்கிறது; அதைத் தவிர்த்து, இஷா தொழுதுவிட்டு உறங்கப் போகும்போது பூசலாம். ஆக நாளுக்கு நான்கு முறை. இம்மருந்துக்குச் சொல்லப்படும் அளவும் நாளுக்கு மூன்று அல்லது நான்கு முறைதான். வக்து அட்டவணையை வைத்தே மருந்து அட்டவணையையும் எழுதிவிடலாம். பூசிய கையை உடனே கழுவிவிட வேண்டும். கையிலேயே வலி என்றால் மட்டும் ஒரு மணி நேரம் கழித்துக் கழுவுங்கள், அதுவரை கண்ணைத் தொடாதீர்கள்.

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் குடும்பங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணவனுக்கு மனைவி ஜெல் தேய்த்துவிட்டால் அம்மத்ஹபின்படி இருவரின் உளூவும் முறியும். அதற்குக் காரணம் தோலோடு தோல் படுவது. ஜெல்லுக்கு அதில் பங்கில்லை. மகளோ மகனோ தேய்த்துவிட்டால் அச்சிக்கல் இல்லை. ஜெல் பட்டதால்தான் உளூ போயிற்று என்ற எண்ணம் சில வீடுகளில் வேரூன்றியது இங்கிருந்துதானோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

அளவிலும் நாம் தவறுகிறோம். பட்டாணி அளவு எடுத்து முழங்காலின் நடுவில் மட்டும் தடவுவதே பலரின் வழக்கம். முழங்கால் போன்ற பெரிய மூட்டுக்கு ஒரு முறைக்கு 2 முதல் 4 கிராம் தேவை. எடை பார்க்கத் தராசு வேண்டாம். ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். அப்படி நான்கிலிருந்து எட்டுக் கோடுகள். மூட்டைச் சுற்றிலும், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பரவத் தடவ வேண்டும். அழுத்தித் தேய்ப்பதால் பயன் கூடுவதில்லை. இந்தக் கணக்குப்படி 30 கிராம் டியூப் சில நாட்களிலேயே தீர்ந்துவிடும் என்பது உண்மை. அதனால்தான் சிக்கனமாகத் தடவுகிறார்கள். பயன் தெரியாமல் விட்டும்விடுகிறார்கள்.

முதுகுத் தண்டிலோ இடுப்பு மூட்டிலோ வலி என்றால் ஜெல்லிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அவை தோலிலிருந்து ஆழத்தில் இருப்பவை. விரலும் முழங்காலும் தோலுக்கு அண்மையில் இருப்பதாலேயே அங்கே பூச்சு மருந்து பயன் தருகிறது. பாதத்தின் அடித்தோல் மிகத் தடித்தது; அங்கேயும் மருந்து இறங்குவது கடினம்.

பூசியதும் எழும் குளிர்ச்சியையும் எரிச்சலையும் வைத்து மருந்தின் வலிமையை எடை போடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. குளிர்ச்சி மென்தாலால் வருவது. தோலின் குளிர் உணர் நரம்புகளை அது தூண்டுவதால் மூளை குளிர்ந்ததாக நம்புகிறது. நம் நாட்டு ஜெல்கள் பலவற்றில் டைக்ளோஃபெனாக்குடன் மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் சேர்ந்தே வருகின்றன. மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவுப்பொருள்; வலித் தைலங்களின் அந்தப் பழகிய வாசம் அதனுடையதே. இதயத்துக்காக வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோர் இதைத் தாராளமாகப் பூசினால் இரத்தக் கசிவு நேரக்கூடும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இவ்வகைத் தைலமும் ஜெல்லும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தூய மெத்தில் சாலிசிலேட் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, இருபது ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு ஈடான நஞ்சு.

ரமலானில் இவையெல்லாம் இன்னும் கூர்மையாகின்றன. இருபது ரக்அத் தராவீஹில் நிற்க வேண்டும் என்ற ஆவலில் முழங்கால் வலி உள்ளவர்கள் ஸஹரில் ஒரு வலி மாத்திரை, நோன்பு திறந்ததும் இன்னொன்று என எடுத்துக்கொள்கின்றனர். பகல் முழுதும் நீர் அருந்தாத உடலில் சிறுநீரகம் ஏற்கனவே சிக்கனமாக இயங்கும் வேளை அது. மாத்திரைக்கு அதைவிடப் பொருந்தாத காலம் வேறில்லை. ஜெல்லோ நோன்பு வைத்துக்கொண்டே பூசத்தக்கது. தோலின் வழியே உடலில் சேரும் களிம்பு, பூச்சு, மருந்துப் பட்டை ஆகியவை நோன்பை முறிக்காது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தெளிவாகத் தீர்மானித்திருக்கிறது. லுஹருக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் ஜெல் பூசி, தராவீஹுக்கு வலுவோடு வரலாம். முடியாதவர் நாற்காலியில் அமர்ந்து தொழலாம். அந்தச் சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது. அதை ஏற்க வெட்கப்பட்டு மாத்திரையால் உடலை வருத்துவதில் என்ன பேணுதல் இருக்கிறது?

ஜமாஅத்துகளிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ரமலானுக்கு முன் ஒரு ஜும்ஆவில், இமாமும் ஊரின் மருத்துவர் அல்லது மருந்தாளுநர் ஒருவரும் சேர்ந்து அமர்ந்து, பூசும் மருந்து, கண் சொட்டு மருந்து, மூச்சு மருந்து, ஊசி ஆகியவற்றைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினால் போதும். பெண்கள் மதரஸாவிலும் இதைச் செய்ய வேண்டும். முழங்கால் வலியால் அதிகம் துன்புறுவோர் பெண்களே. கேட்கத் தயங்குவோரும் அவர்களே.

ஜெல் எல்லாருக்கும் ஆகும் என்று இதை வாசித்துவிட்டு எவரும் எண்ணிவிட வேண்டாம். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ உட்கொண்டு முன்பு மூச்சிரைப்பு, தடிப்பு ஏற்பட்டவர்கள் இதையும் தவிர்க்க வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் கூடாது. அதற்கு முன்பும் மருத்துவரைக் கேளாமல் வேண்டாம். புண்ணிலும் வெடித்த தோலிலும் பூசக் கூடாது. பூசிய இடத்தில் இறுகக் கட்டுப் போடவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. உள்ளே இறங்கும் மருந்தின் அளவு மிகுந்துவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஜெல்லானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பூசுங்கள். ஒரே மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் ஜெல்லைத் தேடாதீர்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.